கேளுங்கோ, சொல்லுறன்: பைக்கு மானியம், கிணற்றுக்கு ஆர்?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ட்ரக்டர் ஓடுகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் மறியல் வீடியோக்களின் புண்ணியம். நல்லது, ஏறி உட்காருங்கோ.

கே: ஐரோப்பாவில் கமக்காரனைச் சும்மா இருத்தி வைத்துக் காசு கொடுக்கிறார்களாமே, உண்மையோ?
(தேநீர்க்கடைக்காரர், திருநெல்வேலிச் சந்தையடி)

ப: பாதி உண்மை. 2021 முதல் 2027 வரை ஐரோப்பிய ஒன்றியம் கமத்தொழிலுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 38,700 கோடி யூரோ. அதில் பெரிய துண்டு, காணி வைத்திருப்பதற்கே போகிறது. சின்னத் துண்டுதான் வேலைக்கு: வேலியை வெட்டாதே, பசளையைக் குறை, வயலோரம் பூச்செடி விடு, பறவை குஞ்சு பொரிக்கும்வரை புல்லை அறுக்காதே. நான் பேசப் போவது அந்தச் சின்னத் துண்டைப் பற்றி.

கே: இந்த மானியக் கதை எப்போது தொடங்கியது?
(உயர்தர மாணவி, கொக்குவில்)

ப: 1962இல். அதே ஆண்டில்தான் இலங்கையும் நெல்லுக்குப் பசளை மானியம் தொடங்கியது. அவர்கள் விளைபொருளின் விலையைத் தாங்கினார்கள். வெண்ணெய் விற்க இடமில்லாமல் குவிந்தது. 1984இல் பாலுக்கு உச்சவரம்பு கட்ட வேண்டி வந்தது. நாங்கள் பசளைப் பையைத் தாங்கினோம். இன்றும் தாங்குகிறோம், முதுகில்.

கே: சரி, பூவுக்கும் பறவைக்கும் காசு கொடுக்கும் யோசனை?
(அதே மாணவி, அதே கடிதம், மறுபக்கம்)

ப: 1985இல் அனுமதித்தார்கள். 1992இல் கட்டாயமாக்கினார்கள். கட்டாயம் அரசாங்கங்களுக்கு: ஒவ்வொரு நாடும் இப்படி ஒரு திட்டம் வைத்தே ஆகவேண்டும். கமக்காரன் விரும்பினால் சேரலாம். 2021இல் இலங்கை அதைத் தலைகீழாக்கியது. கட்டாயம் கமக்காரனுக்கு, விருப்பம் ஒரே ஒருவருக்கு.

கே: 2021ஐ ஏன் இன்னும் கிளறுகிறீர்கள்? சேதனப் பசளை நல்லதுதானே?
(ஓய்வுபெற்ற கிராம அலுவலர், கோண்டாவில்)

ப: நல்லதுதான். அதனால்தான் கோபம்.

மே மாதம் வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடை போய்விட்டது. இடையில் யூரியா இல்லை, மாற்றும் இல்லை. சீனாவில் இருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் கெட்ட பற்றீரியா இருக்கிறது என்று இறக்க விடவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 70 இலட்சம் டொலர் கட்டினோம். தரையைத் தொடாத எருவுக்கு உலகில் வேறு யார் இவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்?

போனது காசு மட்டும் என்றால் பொறுக்கலாம். இப்போது ஒரு கமக்காரரிடம் போய் “சேதனம்” என்று சொல்லிப் பாருங்கோ, நாயை அவிழ்த்து விடுவார். ஒரு நல்ல யோசனையை ஒரு தலைமுறைக்குக் கெட்ட வார்த்தையாக்கியது அந்த ஆறு மாதம்.

கே: வேறெவரும் முழுமையாகச் சேதனத்துக்கு மாறியதில்லையா?
(பட்டதாரிப் பயிலுநர், கிளிநொச்சி)

ப: சிக்கிம் மாறியது. 2003இல் அறிவித்து 2016 தொடக்கத்தில் “முடிந்தது” என்றார்கள். பதின்மூன்று ஆண்டு. ஒஸ்திரியாவில் இன்று காணியில் கால்வாசிக்கு மேல் சேதன முறைதான். அதற்குப் பல பத்தாண்டு எடுத்தது. ஒரு இரவில் நடப்பது திருட்டு மட்டும்தான்.

கே: கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடித்தால் நைத்திரேற்று போகுமா? கைக்குழந்தை இருக்கு.
(இளந்தாய், சுன்னாகம்)

ப: போகாது, பிள்ளை. கொதித்தால் கிருமி சாகும், நீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே நிற்கும். மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கிணற்றைப் பரிசோதித்து முடிவு தெரியும்வரை அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் இன்றைக்கே கேளுங்கோ. இந்தப் பதிலில் பகிடி இல்லை.

கே: யாழ்ப்பாணக் கிணறுகளுக்கு மட்டும் ஏன் இந்தக் கேடு?
(விஞ்ஞான ஆசிரியர், இணுவில்)

ப: எங்களுக்கு ஆறு இல்லை, மாரியில் ஓடி ஓயும் வழுக்கையாறு ஒன்றுதான். குடிப்பதும் இறைப்பதும் நிலத்தடி நீர். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், கல் முழுக்க வெடிப்பு. தோட்டத்தில் போடுகிற நைதரசனில் பயிர் எடுக்காத பங்கு ஐப்பசி, கார்த்திகை மழையோடு நேரே கீழே இறங்கும். மலகூடக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கும். 1980களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். அறிக்கை அலுமாரிக்குள் இறங்கியது. நைத்திரேற்று கிணற்றுக்குள் இறங்கியது.

கே: திருநெல்வேலி என்றால் அல்வாதானே?
(வாசகர், மதுரை)

ப: அது தாமிரபரணிக்கரைத் திருநெல்வேலி. இது யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகமும் சந்தையும் செம்மண் தோட்டமும் ஒட்டிக் கிடக்கிற ஊர். இங்கே இனிப்பு வேண்டுமென்றால் பனங்கட்டி.

கே: நகரத்துத் தண்ணீருக்காகத் தோட்டக்காரனுக்குக் காசு கொடுத்த ஊர் உண்டோ?
(நீர்ப்பாவனையாளர், யாழ் நகர்)

ப: உண்டு. ஜேர்மனியின் மியூனிக். அந்த நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு மாங்பால் பள்ளத்தாக்கில் இருந்து வருகிறது. நைத்திரேற்று மெல்ல ஏறியது. சுத்திகரிப்பு ஆலை கட்டலாமா என்று யோசிக்கிற நேரத்தில், பள்ளத்தாக்கின் கமக்காரர்களிடம் போய்ச் சேதன முறைக்கு மாறுங்கள், ஆண்டுதோறும் காணி அளவுக்குக் காசு தருகிறோம் என்றார்கள். தொடங்கியது 1992இல். நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகள் சேர்ந்தன. நைத்திரேற்று இறங்கியது. கமக்காரனுக்குக் கொடுத்த காசு, நீர் குடிப்பவர் கட்டும் கட்டணத்தில் ஒரு துளி.

இனிக் கேளுங்கோ. யாழ் நகரத்தின் குழாய்க்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகள் எங்கே? கோண்டாவிலிலும் திருநெல்வேலியிலும். அந்தக் கிணறுகளைச் சுற்றி யார்? வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் வைக்கிற தோட்டக்காரர். நகரம் அவர்களிடம் தண்ணீர் எடுத்தது. பதிலுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்ததாகக்கூடத் தகவல் இல்லை.

கே: மியூனிக்காரர் பணக்காரர். நாங்கள்?
(அதே நீர்ப்பாவனையாளர், இரண்டாவது கடிதம்)

ப: தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன். மக்களுக்குத் தண்ணீர் வேண்டும். நிலையத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடலைக் குடிநீராக்கக் கடன் எடுக்கத் தெரிந்த நாட்டுக்குக் கிணற்றைக் குடிநீராக வைத்திருக்கக் காசு இல்லையென்று சொல்லாதீர்கள்.

கே: சுன்னாகத்தில் நிலத்தடி நீருக்குள் எண்ணெய் விட்டவன் தண்டம் கட்டினான். யூரியா போட்ட நானும் கட்டவேண்டுமா?
(வெங்காயக் கமக்காரர், உரும்பிராய்)

ப: கூரான கேள்வி. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் அதிகபட்சம் 500 பேருக்கு, ஆளுக்கு 40,000 வரை. மாசாக்கியவன் கட்டவேண்டும் என்பது நியாயம்.

உங்கள் கதை வேறு, அண்ணை. எது உங்கள் யூரியா, எது பக்கத்துக் குழி என்று தண்ணீரில் பெயர் எழுதியிருக்காது. யூரியாவை மலிவாக்கி உங்கள் கையில் திணித்ததும் அரசாங்கம்தான். ஐரோப்பா ஒரு கோடு கிழித்தது. 1991ஆம் ஆண்டின் நைத்திரேற்றுச் சட்டப்படி மாட்டெருவில் இருந்துகூட ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைதரசனுக்கு மேல் போடக்கூடாது. கோட்டை மீறினால் தண்டம். கோட்டைக் காப்பது கடமை, அதற்குக் காசில்லை. கோட்டுக்கும் மேலே போய் நல்லது செய்தால் சம்பளம். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று எனக்கல்ல, உங்கள் கிணற்றுக்குத் தெரியும்.

கே: மாட்டெருவிலும் நைதரசனா? அது இயற்கை அல்லவா!
(இயற்கை ஆர்வலர், நல்லூர்)

ப: பாம்பும் இயற்கைதான்.

கே: இவ்வளவு காசு கொட்டி ஐரோப்பாவில் பறவை கூடியதா?
(பறவை நோக்குநர், ஊர்காவற்றுறை)

ப: கூடவில்லை. 1980க்கும் 2016க்கும் இடையில் ஐரோப்பிய வயல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. 2023இல் வந்த பெரிய ஆய்வு பழியைப் பூச்சிகொல்லியிலும் பசளையிலும் போட்டது.

2001இலேயே நெதர்லாந்தில் ஒரு குழு வேலையைக் காட்டியது. திட்டத்தில் சேர்ந்த வயல், அருகே சேராத வயல் என்று 78 சோடி எடுத்து எண்ணினார்கள். செடியில் வித்தியாசம் இல்லை. கரையோரப் பறவைகள் சில, காசு வாங்காத வயலில்தான் கூடுதலாக நின்றன! “நேச்சர்” இதழில் வந்ததும் பிறசல்ஸ் முழுக்கக் காய்ச்சல். 2020இல் ஒன்றியத்தின் சொந்தக் கணக்காய்வாளர்களே உயிர்ப்பல்வகைமையின் சரிவைக் கொள்கை நிறுத்தவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு அறிக்கை: காலநிலைக்கென்று எழுதிய 10,000 கோடி யூரோவால் கமத்தொழிலின் வெப்பவாயு குறையவில்லை.

கவனித்தீர்களா? தாங்கள் தோற்றதைத் தாங்களே அளந்து அச்சடிக்கிறார்கள். அதைத்தான் முதலில் இறக்குமதி செய்யவேண்டும். அதற்குத் தீர்வையும் இல்லை.

கே: அப்படியென்றால் எல்லாம் வீண்செலவு என்று ஒப்புக்கொள்ளுங்கள்.
(வியாபாரி, கஸ்தூரியார் வீதி)

ப: ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஒரு மஞ்சள் சிட்டு, சேர்ல் பண்டிங். 1989இல் மிஞ்சியது 118 சோடி. மாரிக்காலத்தில் அதற்குத் தீனி, அறுவடை முடிந்த வயலின் ஒட்டுத்தாளில் கிடக்கும் விதை. அந்த ஒட்டுத்தாளை உழாமல் விட்டால் காசு என்று அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு திட்டம். கூடவே பண்ணை பண்ணையாகப் போய்ச் சொல்லிக் கொடுக்க ஆள். 2016இல் ஆயிரம் சோடியைத் தாண்டியது.

வித்தியாசம் இதுதான்: எல்லா ஊருக்கும் ஒரே படிவம் என்றால் படிவம் நிரம்பும். இந்த ஊருக்கு, இந்தச் சிட்டுக்கு என்றால் கூடு நிரம்பும்.

கே: ஆடு மாடு மேய்ந்தால் இயற்கை அழியும் என்கிறான் என் பேரன். பட்டியை விற்கவா?
(ஆடு வளர்ப்பவர், புத்தூர்)

ப: பேரனை அயர்லாந்தின் பரன் என்ற இடத்தைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கோ. எங்களைப்போலவே சுண்ணாம்புக்கல் பூமி, வெடிப்புக்குள் பூ. மாரியில் மாட்டை மேட்டுக்கு ஏற்றி மேய்ப்பது அவர்கள் வழக்கம். அதை விட்டதும் பற்றை ஏறிப் பூவை மூடியது. 2005இல் ஒரு முயற்சி தொடங்கி, 2010இல் திட்டமானது. ஒவ்வொரு புல்வெளிக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. புள்ளி கூடினால் காசு கூடும். எப்படி மேய்ப்பது என்பது கமக்காரன் பாடு. அதிகாரி பூவைப் பார்ப்பார், மாட்டைப் பார்க்கமாட்டார்.

பட்டியை விற்கவேண்டாம். அறுவடை முடிந்த தறையில் கட்டுங்கோ, காசு வாங்கிக்கொண்டு. அதற்குப் பெயர் எரு, இலவசம் அல்ல.

கே: அப்பு காலத்தில் பூவரசங்குழை, பனையோலை எல்லாம் தாழ்த்துத்தான் தோட்டம் செய்தோம். இப்போது ஏன் ஒருவரும் செய்வதில்லை?
(மூத்த கமக்காரர், புன்னாலைக்கட்டுவன்)

ப: ஐயா, அந்தக் குழையை வெட்டி, சுமந்து, கிடங்கு வெட்டித் தாழ்த்தவர்களுக்கு அப்போது கிடைத்தது என்ன? அந்தக் கூலியை நினைத்தால் வெட்கப்பட வேண்டும். இன்றைக்கு நியாயமான கூலி கொடுத்தால் யூரியாப் பைதான் மலிவு. ஆகவே பழம்பெருமை பேசுவதால் குழை தாழாது. கூலியில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்தால் தாழும்.

உலக வர்த்தக விதியும் இதற்கு இடம் விடுகிறது: சூழலுக்காகக் கமக்காரனுக்கு ஏற்படும் கூடுதற் செலவையும் இழந்த வருமானத்தையும் அரசு ஈடுசெய்யலாம். அதற்கு மேல் கொடுக்கக்கூடாதாம். நல்லது செய்கிறவனுக்கு இலாபம் வரக்கூடாது என்று ஒரு விதியை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், பெரிய மனிதர்கள்.

கே: சிறிமா காலத்து வெங்காய விலை திரும்புமா?
(பெயர் வேண்டாமாம், அச்சுவேலி)

ப: 1970களில் இறக்குமதியை இறுக்கினார்கள், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறியது, கல்வீடும் இறைப்பு மிசினும் வந்தன. 1977இல் கதவு திறந்தது. விலை வெளியே போய்விட்டது. யூரியாப் பழக்கம் மட்டும் போகவில்லை.

கே: அங்கே ட்ரக்டர் மறியல் வென்றதே! நாங்களும் செய்யலாமா?
(இளங் கமக்காரர், கோப்பாய்)

ப: 2024இல் வென்றார்கள். பூச்சிகொல்லியைப் பாதியாக்கும் சட்டவரைவைப் பெப்ரவரியில் மீளப் பெறவைத்தார்கள். விளைநிலத்தில் 4 வீதத்தைத் தரிசாக விடும் கட்டாயத்தையும் நீக்கவைத்தார்கள். டீசல், மலிவு இறக்குமதி, படிவத் தொல்லை: குறைகள் உண்மையானவை. ஆனால் விலை கேட்டுப் போனவர்களுக்கு விலை கிடைக்கவில்லை. மருந்து அடிக்கும் சுதந்திரம் கிடைத்தது.

நீங்கள் லான்ட்மாஸ்ரரைக் கச்சேரிக்கு ஓட்டுங்கோ, தாராளமாக. மலிவு யூரியா கேட்காமல் கிணற்றுக் காவலுக்குச் சம்பளம் கேட்டால் நானும் பெட்டியில் ஏறுகிறேன்.

கே: அந்தக் காசெல்லாம் ஏழைக் கமக்காரனுக்குத்தானே போகிறது?
(சமூகக்கல்வி ஆசிரியை, மானிப்பாய்)

ப: நேரடிக் கொடுப்பனவில் ஏறத்தாழ 80 வீதம் 20 வீதத்தாருக்குப் போகிறது. பரப்பளவுக்குக் காசு என்றால் பரப்பு உள்ளவனுக்குத்தான் காசு. ஐரோப்பியப் பண்ணையின் சராசரி 17 ஹெக்டேயருக்குச் சற்று மேல். நம் கணக்கில் கிட்டத்தட்ட 690 பரப்பு. நாலு பரப்பில் வெங்காயம் வைக்கிறவருக்கு அதே சட்டையைத் தைத்தால் கைகூட நுழையாது.

நெதர்லாந்தில் 2016 முதல் தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. ஊர்க் கமக்காரர் கூட்டாகச் சேர்ந்தால்தான் சூழற் காசு. அது நமக்குப் பொருந்தும். கமக்காரர் அமைப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. கூட்டத்துக்கு ஆள் வந்தால் போதும்.

கே: ஐரோப்பாதான் நச்சு மருந்தைத் தடுத்து வழிகாட்டியது, அல்லவா?
(மருந்துக்கடை உதவியாளர், மருதனார்மடம்)

ப: பரகுவாற்றை 2007இல் தன் வயலில் தடுத்தது. அதன் பிறகும் ஐரோப்பிய மண்ணில் தயாரித்துப் பிற நாட்டு வயலுக்கு விற்றார்கள். இங்கே நாங்கள் வழிகாட்டினோம்: 1995 முதல் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக இலங்கை தடுத்தது, பரகுவாற்றையும் சேர்த்து. இருபது ஆண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 வீதம் இறங்கியது. விளைச்சல் விழவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் இன்று ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறது. இதை நாங்கள் மேடை போட்டுச் சொல்வதில்லை, சொல்லவேண்டும்.

கே: லண்டனில் இருக்கும் மருமகன் பண்ணை வேலை பார்க்கிறார். அங்கே சூழற் காசு நின்றுவிட்டதாமே?
(மாமியார், வட்டுக்கோட்டை)

ப: 2025 மார்ச் 11ஆம் திகதி இங்கிலாந்தில் அந்தத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை நிறுத்தினார்கள். முன்னறிவித்தல் இல்லை, காசு முடிந்ததாம். வேலி நடுவதற்குக் கன்று வாங்கி வைத்தவன் கன்றோடு நின்றான். மருமகனைக் குறை சொல்லாதீர்கள், அவருடைய அமைச்சரைச் சொல்லுங்கோ.

கே: கனடாவில் இருக்கிறேன். ஊரில் என் பன்னிரண்டு பரப்பும் தரிசு. எனக்கும் சூழற் காசு கிடைக்குமா?
(முன்னாள் கோண்டாவில், இந்நாள் ஸ்காபரோ)

ப: தரிசு விடுவது ஒரு வேலை. கைவிடுவது இன்னொன்று. உங்கள் காணியில் வளர்வது பார்த்தீனியம். அதன் விதை பக்கத்துத் தோட்டத்துக்கு விசா இல்லாமல் போகிறது. நியாயமான குத்தகைக்கு ஒரு இளம் குடும்பத்திடம் கொடுங்கோ, ஐந்து ஆண்டுக்குக் குறையாமல். ஒவ்வொரு கோடையிலும் வந்து “அடுத்த வருசம் விற்கப்போறன்” என்று சொன்னால் எவன் அந்த மண்ணுக்கு எரு போடுவான்?

கே: ஆய்வுக்குத் தலைப்பு ஒன்று தாருங்கள்.
(விவசாய பீட மாணவர், அறிவியல் நகர்)

ப: “கமக்காரரின் மனப்பாங்கு” என்று வினாக்கொத்தைத் தூக்காதே, தம்பி. மனப்பாங்கு அளந்து அளந்து அலுமாரி நிறைந்துவிட்டது. திருநெல்வேலிக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் சோடி சோடியாகத் தறை எடு: ஒன்றில் சணல் விதைத்து உழுது, யூரியாவைக் குறைத்து, மற்றதில் வழக்கம்போல. கிணற்று நீரை மாரிக்கு முன்னும் பின்னும் அள. சில ஆண்டு விடாதே. வித்தியாசம் இல்லையென்றால் அதையும் எழுது. உன் மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் அந்த 78 சோடி வயலைக் காட்டு.

கே: சணலா? கயிறு திரிக்கவோ?
(அதே அறையில் தங்கியிருக்கும் கலைப்பீட மாணவர்)

ப: மண்ணுக்கு. விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புதைத்தால், அவரைக் குடும்பத்துச் செடி, காற்றிலிருந்து பிடித்த நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கும். கப்பலும் வேண்டாம், டொலரும் வேண்டாம்.

கே: உங்களிடம் அதிகாரம் வந்தால் முதல் கையெழுத்து எதில்?
(சட்டத்தரணி, யாழ்ப்பாணம்)

ப: நகரத்துக்கு நீர் கொடுக்கும் கிணறுகளைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பட்டியலில். நீர்க் கட்டணத்தில் அலகுக்கு ஒரு சின்னத் தொகை. அது கமக்காரர் அமைப்பின் கணக்குக்கு. கிணற்றில் நைத்திரேற்று இறங்க இறங்கக் கொடுப்பனவு ஏறும். மலகூடக் குழிகளுக்கும் அதே நிதியில் சீரமைப்பு, இல்லையென்றால் பழி முழுதும் தோட்டக்காரன் தலையில். ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம், இடையில் எந்த அமைச்சரும் கை வைக்க முடியாது. வரைவை எழுதித் தாருங்கோ, கட்டணம் பேசிக்கொள்வோம்.

கே: அதெல்லாம் வரும்வரை நான் என்ன செய்ய? நாளைக்கு வெங்காயத்துக்குப் பசளை போடவேண்டும்.
(கமக்காரர், ஏழாலை)

ப: நாளைக்கு மழை அறிவித்தல் இருந்தால் போடவேண்டாம், காசைக் கிணற்றில் போட்டதாக முடியும். மொத்தத்தையும் ஒரே தரத்தில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கோ. பக்கத்துத் தறைக்காரன் போட்ட அளவைப் பார்த்துப் போடவேண்டாம், அவன் உங்களைப் பார்த்துத்தான் போடுகிறான். பாத்தி நிரம்பி வழிய இறைக்கவேண்டாம். மண்ணை ஒருமுறை பரிசோதிக்க விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ. அவர் இன்றைக்கு வரவில்லையென்றால் நாளைக்கும் கேளுங்கோ, அடுத்த நாளும் கேளுங்கோ. அவருக்குச் சம்பளம் அதற்குத்தான்.